மறு: 'சிங்க்ரனஸ் லாஜிக்கல் ரெப்ளிகேஷன்' தமிழில் எப்படி?

> "ஒத்திசைவுத் தருக்க நகலாக்கம்" போதுமே, ஏன் இழுக்கிறோம்?

போதாதுங்க. ஒரு தரவுத்தளத்தில் நடக்கும் மாற்றங்களை இன்னொரு சர்வரிலும் நகலெடுத்து வைக்கும் ஒரு முறைக்குத்தானே பெயர் தேடுகிறோம். ஒத்திசைவு என்றாலே கைபேசியில் தொடர்பு எண்களை சிங்க் செய்வது என்று ஆகிவிட்டது. இங்கே கமிட் (மாற்றத்தை உறுதிசெய்யும் கட்டளை) கொடுத்த ஆள், மறுமுனையிலிருந்து "எழுதியாச்சு" என்று பதில் வரும்வரை வாசலிலேயே நிற்கிறார். வேகத்தைப் பற்றி வரும் புகாரெல்லாம் அந்த நிற்றலைப் பற்றித்தான். காத்திருப்பு என்று வைத்தால் ஸ்டாண்ட்பை (மாற்றாகத் தயாராக நிற்கும்) சர்வரோடு குழம்பும். அதனால் நின்று நகலெடுத்தல். எதிர்ச்சொல், நில்லாமல் நகலெடுத்தல்.

'தருக்கம்' அதைவிட மோசம். இதில் தருக்கம் எங்கே வந்தது? போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 9.0இல் (2010) வந்த முறை கார்பன் தாள் மாதிரி, வட்டில் எந்தப் பக்கத்தில் எது மாறியதோ அது அங்கேயும் அப்படியே பதியும். 10ஆம் பதிப்பில் (2017) வந்ததோ சொல்லி எழுதவைப்பது: இந்த நிரையைச் சேர், அந்த நிரையை அழி. பள்ளியில் அணிகள் பாடத்தில் நிரை, நிரல் என்றுதானே படித்தோம்? ஆக இது நிரைநகல், பழையது பக்கநகல்.

தரவைப் பிரித்துவைத்த துண்டான ஷார்டுக்குச் 'சில்லு' வேண்டாம், அது சிப்புக்குப் போய்விட்டது. பாத்தி என்கிறேன். வயல் ஒன்றுதான், வரப்பு போட்டுப் பிரித்திருக்கிறோம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மடை திறக்கலாம். ஷார்டிங் என்றால் பாத்தி கட்டுதல்.

சரி, இந்தச் சொற்களை ஓட்டிப் பார்ப்போம். ஒரு சர்வரில் பத்துப் பாத்தி, ஒவ்வொன்றின் நிரைநகலும் வேறு வேறு சர்வருக்குப் போகிறது என்றால், பத்து அனுப்பிகளும் ஒரே மாற்றப் பதிவேட்டைத் தனித்தனியாக முழுவதும் வாசித்து, தனக்கு வேண்டாத ஒன்பது பாத்திகளின் மாற்றங்களையும் பிரித்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடும், பத்து மடங்கு வெட்டிவேலை. ஒரே கமிட்டில் முடியும் மாற்றங்களின் தொகுப்பான டிரான்ஸாக்‌ஷன் ஒன்று பெரிதாக‌ஷன் வந்தால் இன்னும் கொடுமை, கமிட் ஆனபிறகுதான் அனுப்பவே தொடங்கும். 14ஆம் பதிப்பில் நடுவிலேயே அனுப்ப வழி வந்தது, ஆனாலும் மறுமுனை அதைக் கோப்பில் போட்டுவைத்துக் கமிட் வந்தபிறகே பொருத்தும். வரவரப் பொருத்தும் வசதி 16இல்தான். அதுவரை நம் ஆள் வாசலில்.

நானே முட்டிக்கொண்ட கதை ஒன்று. ஒரே ஒரு நிரையைச் சேர்ப்பதற்கே கமிட் இழுத்தது, இரண்டு நாள் நெட்வொர்க்கைத் திட்டினேன். பார்த்தால், சந்தாப் பக்கத்தில், அதாவது நகலைப் பெறும் சர்வரில், சிங்க்ரனஸ் கமிட் என்ற அமைப்பு இயல்பிலேயே ஆஃப். மாற்றத்தைப் பொருத்திவிடும், ஆனால் உடனே வட்டில் இறக்காது. இறக்குகிற பின்னணி வேலை 200 மில்லிநொடிக்கு ஒருமுறைதான் கண்விழிக்கும். வட்டில் இறங்கியதாகத் தகவல் வராமல் இந்தப் பக்கம் நகராது. ஆன் செய்ததும் தீர்ந்தது. இதை ஒரு புதியவருக்கு 'ஒத்திசைவு' என்று சொல்லிப் புரியவைத்துப் பாருங்கள், அப்புறம் 'நின்று' என்று சொல்லிப் பாருங்கள்.

ஆக முழுப்பெயர்: நின்று நிரைநகலெடுத்தல். கமிட்டை மட்டும் கமிட் என்றே விட்டிருக்கிறேன். யாரோ 'ஒப்புவித்தல்' என்று எழுதியிருந்தார்கள், எனக்கு மனப்பாடச் செய்யுளும் பிரம்பும்தான் நினைவுக்கு வருகின்றன.