கேரவன் 208பி: அடுத்தடுத்த செக்டர்களுக்கு நடுவே வாக்-அரவுண்டில் எதை விடலாம், எதை விடக்கூடாது?

வலதுசீட்டு:
செஸ்னா 208பி கிராண்ட் கேரவன், ஒற்றை எஞ்சின் விமானம். நாளுக்கு ஆறு செக்டர் (ஏறி இறங்கும் ஒவ்வொரு பறப்பும் ஒரு செக்டர்), நடுவில் தரையில் கிடைப்பது 20 நிமிடம். காலையில் விமானத்தைச் சுற்றிவந்து பார்க்கும் வாக்-அரவுண்ட், கையேட்டின்படி முழுதாக நடந்துவிடுகிறது. நடுவில் எரிபொருள் ஏற்றினால் மறுபடி எல்லா டிரெயினிலும் (அடியிலுள்ள வடிதுளை) எரிபொருளை ஜாடியில் பிடித்து, தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? எஞ்சின் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை எப்போது பார்ப்பது சரி?

டர்பைன்_ஸ்பேனர்:
ஏற்றினால் பிடித்தே ஆகவேண்டும். அதில் பேரமே கிடையாது. இறக்கைத் தொட்டிகள் முதலில், பிறகு வயிற்றடியில் இருக்கும் ரிசர்வாயர் என்ற சிறு தொட்டி, கடைசியில் ஃபில்டர். மேலே தேங்கிய தண்ணீர் கீழ்நோக்கித்தானே வரும்!

ஆனால் சாம்பிள் சுத்தமாக வந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். நம் எரிபொருளான ஜெட் ஏ-1ல் தண்ணீர் மெதுவாகத்தான் அடியில் படியும். ஓரடி ஆழத்துக்கு பெட்ரோலில் கால் மணி, இதில் ஒரு மணி என்பது பொதுக்கணக்கு. உங்கள் 20 நிமிடத்தில் அது பாதியில்தான் மிதந்துகொண்டிருக்கும். அதனால் ஏற்றுவதற்கு முன்பே பவுசரில் (எரிபொருள் லாரி) கேப்சூல் சோதனை கேளுங்கள்: ஊசிக்குழாயில் 5 மி.லி. உறிஞ்சியதும் மஞ்சள் வில்லை பச்சையாகவோ நீலமாகவோ மாறினால், அந்த எரிபொருள் வேண்டாம்.

இன்னொன்று, ஜாடி முழுக்கத் தண்ணீராகவே வந்தால் பிரிகோடு தெரியாது, பார்க்கப் பளிச்சென்று இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டையாக அடியில் போய் உட்கார்ந்தால் எரிபொருள், கரைந்துபோனால் தண்ணீர்.

ஆயிலுக்கு, எஞ்சினை அணைத்த 10 நிமிடத்துக்குள் பார்ப்பதே சரி. டிப்ஸ்டிக்கில் சூட்டுக்குரிய ‘மேக்ஸ் ஹாட்’ கோட்டிலிருந்து ஒன்றரை குவார்ட்டுக்குள் இருந்தால் போதும். கோடு வரை ஊற்றி நிரப்பினால் மிச்சம் பிரீதர் என்ற காற்றுப்போக்கி வழியாக வெளியே போய் வயிற்றில் அப்பிக்கொள்ளும். அளவைவிட முக்கியம், டிப்ஸ்டிக் மூடி பூட்டியிருக்கிறதா என்பது. தாழ் விழாமல் பறந்தால் ஆயில் கொட்டி எஞ்சினே நிற்கும் என்று கையேடே எச்சரிக்கிறது. திறந்தவரே மூடி, கையால் அசைத்துப் பார்த்துவிட்டு கவ்லிங்கை (எஞ்சின் மேலுறை) சாத்தட்டும்.

பிட்டோ_உறை:
மேலே சொன்னதெல்லாம் சரி. எரிபொருள் மூடி விட்டுப்போயிற்று. கேரவனில் இறக்கை உயரம், கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் மூடி தெரியாது. ஏணி போட்டு ஏறித்தான் ஆகவேண்டும். தளர்ந்திருந்தால் இறக்கையின் மேற்பரப்பிலுள்ள தாழ்அழுத்தம் எரிபொருளை உறிஞ்சி வெளியே இறைத்துவிடும். ரப்பர் சீல் வெடித்திருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். காலையில் ஜாடியில் தண்ணீர் வந்தால் பவுசரைத் திட்டும் முன் இந்த சீலைப் பாருங்கள்.

வேகமும் உயரமும் காட்டும் கருவிகளுக்குக் காற்றழுத்தம் தரும் பிட்டோ குழாய், ஸ்டாடிக் துளை இரண்டையும் எந்த செக்டரிலும் விடக்கூடாது. 1996 பிப்ரவரியில் பிர்கென்ஏர் போயிங் 757 விழுந்தபோது, குளவி கட்டிய மண்கூடு பிட்டோவை அடைத்திருக்கலாம் என்பதுதான் விசாரணையின் முடிவு. அதே ஆண்டு அக்டோபரில் விழுந்த ஏரோபெரு 757இல், கழுவும்போது ஸ்டாடிக் துளைகள்மேல் ஒட்டிய டேப்பை யாரும் எடுக்கவில்லை. பெரிய விமானம்தான், ஆனால் துளை என்னவோ அதே அளவு.

சரக்கு ஏற்றும்போது வால் சாயாமல் முட்டுக்கொடுக்கும் வால் ஸ்டாண்டை எடுத்தாயிற்றா என்பதையும் சரக்கு ஏற்றியவரிடம் கேட்காமல் நீங்களே போய்ப் பாருங்கள்.

டிரிம்_சக்கரம்:
வெளியே சுற்றுவதையே பேசுகிறோம். உள்ளே, நிற்கும்போது கன்ட்ரோல்கள் அசையாமல் பூட்டும் கன்ட்ரோல் லாக்கை எடுத்து, யோக்கையும் (விமானியின் கைப்பிடி) ரட்டரையும் (வால் சுக்கான்) கடைசி எல்லை வரை அசைத்து, மேற்பரப்பு சரியான பக்கம் திரும்புகிறதா என்று பார்க்க 10 நொடிகூட ஆகாது. 2014 மே 31 அன்று அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி-4 ஜெட் ஒன்று, அதே மாதிரிப் பூட்டான கஸ்ட் லாக் போட்டபடியே ஓடி, எழமுடியாமல் ஓடுபாதை தாண்டி எரிந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அந்தக் குழுவினர் அதற்கு முந்தைய 175 புறப்பாடுகளில் 98 சதவீதத்தில் முழுக் கன்ட்ரோல் சோதனை செய்ததில்லை என்று பதிவுப்பெட்டி காட்டியது.

வலதுசீட்டு:
நன்றி. எரிபொருள் வடிகலனைத் தினமும் காலி செய்தால் போதுமா?

டர்பைன்_ஸ்பேனர்:
நாளின் முதல் பறப்புக்கு முன் சொட்டில்லாமல் வடிப்பது கட்டாயம். ஆனால் ஒவ்வொரு முறை எஞ்சின் அணையும்போதும் மீதி எரிபொருள் அதில் சேரும். ஆறு செக்டர் என்றால் நடுவில் ஒருமுறையாவது பாருங்கள், நிரம்பினால் தரையில் வழியும்.