50 மி.மீ. உயர்த்திய வண்டிக்கு 50 மி.மீ. கூடுதல் நீளமுள்ள ஷாக் போதுமா?

கரும்பாறை:
"வண்டியை 50 மில்லிமீட்டர் உயர்த்தினால் 50 மில்லிமீட்டர் கூடுதல் நீளமுள்ள ஷாக்கை (ஸ்பிரிங்கின் ஆட்டத்தைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர்) மாட்டுங்கள், வேலை முடிந்தது" என்று பழையசாவி நேற்று ஒரு புதியவருக்கு அறிவுரை வழங்கியதைப் படித்தபின் சும்மா இருக்க முடியவில்லை. பிஸ்டன் தண்டு முழுவதும் ஷாக்கின் உடலுக்குள் அடங்க வேண்டியிருப்பதால், ஒரே அமைப்புள்ள ஷாக்கில் விரிந்த நீளம் 50 கூடினால் சுருங்கிய நீளமும் 25 கூடியே தீரும். உயரமான ஸ்பிரிங் போட்டதால், ஆக்ஸில் (சக்கர அச்சு) மேலேறுவதைத் தடுத்து நிறுத்தும் ரப்பரான பம்ப் ஸ்டாப் இடம் மாறிவிடுவதில்லை. ஆக்ஸில் மேலே வரக்கூடிய எல்லை பழைய எல்லைதான். அப்படியிருக்க, அந்த 25 மில்லிமீட்டரை எங்கே வைப்பதாக உத்தேசம்?

பழையசாவி:
மூன்று ஆண்டுகளாக அதே அளவு ஷாக்கை வைத்துத்தான் பாறையிலும் ஆற்றுப்படுகையிலும் ஓட்டுகிறேன், இன்றுவரை ஒன்றும் உடையவில்லை. பழைய ஷாக்கையே விட்டுவைத்தால், வண்டி உயர்ந்த அளவுக்குச் சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறைந்துவிடும். முன்பு 90 இறங்கிய சக்கரம் 40 இறங்கியதும் காற்றில் தொங்கும். காகிதத்தில் கணக்குப் போடுபவர்களுக்கு இது தெரியாது.

கரும்பாறை:
கீழே இறங்கும் தூரத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. நான் கேட்டது 25 மில்லிமீட்டரைப் பற்றி.

செங்குத்துச்சரிவு:
நீளத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் மோனோட்யூப் (ஒற்றைக் குழாய் ஷாக்) வாங்கச் சொல்லுங்கள். அதில் மிதக்கும் பிஸ்டன் ஒன்று நைட்ரஜனையும் எண்ணெயையும் பிரித்து வைப்பதால் எண்ணெய் நுரைப்பதில்லை, எண்ணெய் இருக்கும் குழாய் நேராகக் காற்றில் படுவதால் சூடும் விரைவில் ஆறுகிறது.

கிரீஸ்துப்பாக்கி:
அதே குழாயில் ஒரு கல் பட்டு நசுங்கினால் பிஸ்டன் அங்கேயே சிக்கிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ட்வின் ட்யூபில் (இரட்டைக் குழாய் ஷாக்) வெளிக்குழாய் சற்று நசுங்கினாலும் உள்குழாய் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். டயர் விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் பாதியைச் சொல்லிவிட்டு நழுவினீர்கள்.

செங்குத்துச்சரிவு:
டயர் விவாதத்தில் நழுவியது யார் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கல்லிலும் ஷாக்கைக் கொண்டுபோய் இடிப்பவர் ஷாக்கை மாற்றுவதற்கு முன் ஓட்டும் விதத்தை மாற்றிக்கொள்வது நல்லது.

கரும்பாறை:
குழாய் ஒன்றா இரண்டா என்பதல்ல இங்கே கேள்வி. என் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். பின்புற ஷாக்கின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டையை (கட்டும் பட்டை) இறுக்கிக் கட்டிவிட்டு ஒரு நாள் முழுவதும் காட்டுப்பாதையில் ஓட்டினேன். மாலையில் குனிந்து பார்த்தபோது, டை தண்டின் கடைசி வரை தள்ளப்பட்டிருந்தது. பம்ப் ஸ்டாப் ரப்பரிலோ முந்தைய வாரத்துச் சேறு காய்ந்து, ஒரு விரிசல்கூட விழாமல் அப்படியே ஒட்டியிருந்தது. அதாவது, அன்று முழுவதும் பம்ப் ஸ்டாப் வாங்க வேண்டிய அடியை ஷாக்கே வாங்கியிருக்கிறது. அடுத்த மாதமே ஷாக்கின் கீழ்க்கண்ணில் (போல்ட் நுழையும் வளையம்) இருக்கும் ரப்பர் புஷ் கிழிந்தது. நான் மாட்டியிருந்ததும் பழையசாவி சொல்லும் அதே 50 கணக்குதான்.

பழையசாவி:
உங்கள் புஷ் கிழிந்ததற்கு என் கணக்கைக் குற்றம் சொல்ல வேண்டாம். கம்பெனி ஷாக்கில் சுருங்கும் பக்கம் எப்போதும் கொஞ்சம் மிச்ச இடம் விட்டுத்தான் கொடுப்பார்கள். நீங்கள் சொல்லும் 25 அதிலேயே அடங்கிவிடும். போதாவிட்டால் பம்ப் ஸ்டாப்புக்கு அடியில் ஒரு துண்டு வைத்துக் கீழே இறக்கினால் தீர்ந்தது.

கரும்பாறை:
மிச்ச இடம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்தீர்களா, அல்லது அதுவும் மூன்று ஆண்டு அனுபவத்தில் கண்டதா? பம்ப் ஸ்டாப்பைத் தாழ்த்தினால் சக்கரம் மேலேறும் தூரம் அதே அளவுக்குக் குறையும் என்பதையும் அந்தப் புதியவரிடம் சொல்லியிருக்கலாமே.

கிரீஸ்துப்பாக்கி:
ஸ்பிரிங்கின் விறைப்புக்கு ஏற்ற வால்வு அமைப்பு இல்லாவிட்டால் எந்த நீளமும் பயன் தராது என்பதை இங்கே யாரும் பேசவில்லை.

செங்குத்துச்சரிவு:
பேசியிருந்தாலும் தங்களுக்குப் புரிந்திருக்கப் போவதில்லை.

புதுச்சக்கரம்:
அறிவுரை கேட்டது நான்தான். இன்று பின்புற ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, ரப்பர் தொடும் வரை ஆக்ஸிலை ஜாக்கியால் தூக்கி, மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையே அளந்தேன். 352 மில்லிமீட்டர் வந்தது. பழைய ஷாக் சுருங்கிய நிலையில் 335, வாங்க நினைத்திருக்கும் 50 நீளமானது 360. இதை வாங்கலாமா, கூடாதா?

பழையசாவி:
பார்த்தீர்களா? 17 மில்லிமீட்டர் மிச்ச இடம் இருந்திருக்கிறது. 25 என்று ஊரைக் கூட்டினார்; குறைவது வெறும் 8. நான் சொன்னதுபோல் ஒரு துண்டு வைத்தால் போதும்.

கரும்பாறை:
8 மில்லிமீட்டர் இடித்தாலும் இடிதான். அதுவும் ரப்பர் தொட்ட நிலையில் எடுத்த அளவு அது. ஓட்டத்தில் ரப்பர் நன்றாக அமுங்கும்போது 352 இன்னும் எவ்வளவு குறையும் என்று பழையசாவி சொல்லட்டும்.

பழையசாவி:
என் வண்டியில் அமுங்கவில்லை.

கரும்பாறை:
தொட்டால்தானே அமுங்கும்.