‘தைக்குள் இளைப்போம்’ – எங்கள் குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு

(தினேஷ் கல்யாணத்துக்குள் எடை குறைக்க நாங்கள் நடத்தும் போட்டி இது. தினேஷ், மதுரை மாமா–அத்தையின் மகன்; சித்தப்பா அவனுக்கு மாமா முறை. சாப்பாட்டு யோசனை சொல்வது பிரியா.)

காலை 7:05

தினேஷ்: இன்று எடை நாள். எல்லோரும் மெஷினில் ஏறிப் படம் போடுங்கள். காபி குடித்துவிட்டு ஏறக் கூடாது.

சித்தி: 67.4. போன வாரத்தைவிட 400 கிராம் குறைவு.

அம்மா: நன்றாக இரும்மா. நான் அதே 71. எனக்கு முழங்கால் வலி, என்னை விட்டுவிடுங்கள்.

மதுரை மாமா: 83.1!! போன ஞாயிறு 84. எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா: மச்சான் கலக்குகிறார்.

அத்தை: புதன்கிழமை 84.6 காட்டியதையும் சொல்லுங்கள்.

மதுரை மாமா: புதன்கிழமை போட்டியில் கிடையாது.

7:21

மதுரை மாமா: பிரியா, எனக்கு ஒன்று புரியவில்லைம்மா. ஞாயிறு தவிர தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். ராத்திரி சாதத்தை விட்டுச் சப்பாத்தி. காபியில் சர்க்கரை இல்லை. ஞாயிறு இறங்குகிறது, புதன் ஏறுகிறது. மொத்தத்தில் எங்கே இருந்தேனோ அங்கேயே இருக்கிறேன். மெஷின் கோளாறா?

பிரியா: மெஷின் மேல் பழி போடாதீர்கள் மாமா. சாப்பாடு எழுதும் நோட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

அத்தை: (படம்)

பிரியா: திங்கள் முதல் வெள்ளி வரை நான் சொன்னபடியே இருக்கிறது. சனி ராத்திரிக்கு மட்டும் ‘சப்பாத்தி 2’ என்று ஒரே வரி. கையெழுத்தும் வேறு மாதிரி இருக்கிறதே?

அத்தை: அன்றைக்கு மட்டும் நோட்டு உன் மாமா கையில் இருக்கும்.

சித்தப்பா: 🤐

மதுரை மாமா: வாரத்தில் ஒரு நாள், நண்பர்களோடு ஒரு கட்டிங் சரக்கு. ஊரில் இல்லாததா? அதுவும் பிராந்தி மாதிரி ஹாட்தான். பீரைத் தொடுவதே இல்லை. பீர் குடித்தால்தானே தொப்பை.

அத்தை: கட்டிங்காம்.

மதுரை மாமா: சரி, குவார்ட்டர்.

அத்தை: நேற்று?

மதுரை மாமா: குவார்ட்டரும் ஒரு கட்டிங்கும். நேற்று ஒருத்தருக்குப் பிறந்தநாள்.

அம்மா: தம்பி, உனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஞாபகம் இருக்கிறதா?

7:40

தினேஷ்: கணக்குப் போட்டுவிட்டேன். பிஸ்கட் பாக்கெட்டில் இருப்பது போல கலோரிப் பட்டியல் பாட்டிலில் இல்லை. ஆனால் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள், அது போதும். குவார்ட்டர், அதாவது 180 மில்லியில் சாராயச் சத்து மட்டும் 77 மில்லி. எடையில் சுமார் 61 கிராம். கிராமுக்கு எத்தனை கலோரி அக்கா?

பிரியா: 7. சாதம், சர்க்கரை, பருப்பில் இருக்கும் மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4. எண்ணெய், நெய் 9. மது எண்ணெய்க்குப் பக்கத்தில் நிற்கிறது.

தினேஷ்: அப்படியென்றால் குவார்ட்டர் சுமார் 425. கட்டிங் அதில் பாதி, 210 சொச்சம். ஆக 640 கிட்ட.

பிரியா: எதில் கலந்தீர்கள் மாமா?

மதுரை மாமா: கோலா. அரை லிட்டர் பாட்டில்.

பிரியா: அது ஒரு 210. வெறும் சோடா என்றால் பூஜ்யம். சேர்த்தால் 850. முக்கால் மணி நேர நடையில் உங்கள் எடைக்குத் தோராயமாக 200 செலவாகும். ஆறு நாள் நடந்தால் 1200. தட்டில் இருந்ததை இன்னும் நான் கேட்கவில்லை.

மதுரை மாமா: கேட்காதே.

அத்தை: வறுத்த கடலை, டபுள் ஆம்லெட், சிக்கன் 65. வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு பரோட்டா. சால்னா சட்டையில் சிந்தியிருந்தது.

பிரியா: கடலை மட்டும் 100 கிராம் என்றால் 560க்கு மேல். மீதியை விடுங்கள், ஆறு நாள் நடை ஒரே ராத்திரியில் போயாச்சு.

7:58

சித்தப்பா: இரும்மா பிரியா. எங்கள் ஊரில் தினமும் குடித்தவர்கள் எல்லாம் குச்சியாகத்தானே இருந்தார்கள்? ஒருத்தர்கூடக் குண்டு கிடையாது. பிராந்தி சூடு, அது கொழுப்பைக் கரைக்கும் என்பார்கள்.

பிரியா: சித்தப்பா, அவர்கள் சோற்றை விட்டுவிட்டுக் குடித்தார்கள். கரைந்தது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும் சேர்ந்து கரைந்தது. கை கால் குச்சியாக, வயிறு மட்டும் பானையாக இருந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது தொப்பையும் இல்லை. கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்துக்கொள்வது.

அம்மா: மகோதரம். எங்கள் பெரியப்பா அதில்தான் போனார்.

பிரியா: ஆமாம்மா. அப்புறம், சூடாக இருப்பது தோலுக்கு ரத்தம் அதிகமாக வருவதால். கொழுப்பு உருகுவதால் இல்லை. பெரிசா எழுத வேண்டியிருக்கிறது, வாய்ஸ் அனுப்பட்டுமா?

சித்தி: எழுதம்மா. நான் கோவிலில் வரிசையில் நிற்கிறேன்.

8:10

பிரியா: சரி. மதுவைச் சேமித்து வைக்க உடம்பில் இடம் கிடையாது. சோறு மிஞ்சினால் கல்லீரலிலும் தசையிலும் கொஞ்சம் போய் உட்காரும், கொழுப்பு மிஞ்சினால் இடுப்பு இருக்கிறது. மது அப்படி இல்லை. கல்லீரல் முதலில் அதை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அது விஷம், காலையில் தலைவலிக்கும் குமட்டலுக்கும் அதற்குப் பங்கு உண்டு. பிறகு அசிட்டேட் ஆக்கி ரத்தத்தில் விடுகிறது. உடம்பு அந்த அசிட்டேட்டைத்தான் முதலில் எரிக்கும். அது தீரும் வரைக்கும் இடுப்புக் கொழுப்பை எடுக்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை.

1992இல் சுவிட்சர்லாந்தில் இதை அளந்து பார்த்தார்கள். ஆட்களை ஒரு மூடிய அறைக்குள் தங்க வைத்து, விடும் மூச்சைக் கணக்கெடுத்தார்கள். மது கொடுத்த நாளில் கொழுப்பு எரிவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடித்த மது அப்படியே கொழுப்பாக மாறுவது கொஞ்சம்தான். அன்றைக்கு அதோடு சாப்பிட்ட கடலை எண்ணெயும் சால்னாவும்தான் எரியாமல் தங்கிவிடுகின்றன. அதனால் ஹாட்டா பீரா என்பது பெரிய விஷயமே இல்லை. 650 மில்லி சாதாரண பீர் ஒரு 270 கலோரி, ஸ்ட்ராங் என்றால் இன்னும் 100 கூடலாம். பீர்த் தொப்பை, ஹாட் தொப்பை என்று தனித்தனியாக எல்லாம் கிடையாது.

சித்தப்பா: பாட்டிலில் முன்பெல்லாம் வீட்டுக்குக் கேடு, நாட்டுக்குக் கேடு, உயிருக்குக் கேடு என்றுதான் போட்டிருந்தது. இடுப்புக்குக் கேடு என்று போடவில்லையே. அரசாங்கம் ஏமாற்றிவிட்டது.

சித்தி: நீங்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் எடையை இன்னும் போடவில்லை.

சித்தப்பா: மெஷினில் பேட்டரி இல்லை.

8:19

பெங்களூரு சுதா: அக்கா, ஒரு கிளாஸ் ஒயினில் எவ்வளவு? சும்மா, பொதுவாகக் கேட்கிறேன்.

சித்தி: பொதுவாகவா?

பெங்களூரு சுதா: ஆபீசில் ஒரு பெண் கேட்டாள்.

பிரியா: 150 மில்லி 12 சதவீத ஒயின் என்றால் 125 கிட்ட. அந்தப் பெண்ணிடம், ஆணைவிடப் பெண்ணுக்கு அதே அளவு ரத்தத்தில் அதிகமாக ஏறும் என்றும் சொல். உடம்பில் நீரின் பங்கு குறைவு, அதனால்தான்.

சித்தி: ராத்திரி போன் பண்ணுகிறேன் சுதா.

8:31

மதுரை மாமா: எல்லாம் சரிம்மா. குடித்த மறுநாள் எடை குறைந்துதானே காட்டுகிறது? இதோ இன்றைக்கே 900 கிராம் இறங்கியிருக்கிறதே.

பிரியா: அது தண்ணீர் மாமா. சிறுநீர் அதிகம் போகாமல் தண்ணீரை உடம்பில் பிடித்துவைக்கச் சொல்லும் ஹார்மோனை மது தடுத்துவிடும். ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள்?

அத்தை: லைட் அணையவே இல்லை.

பிரியா: அந்தத் தண்ணீர் போனதால்தான் 83.1. சிக்கனிலும் கடலையிலும் இருந்த உப்பு, போன தண்ணீரை இரண்டு நாளில் திரும்பப் பிடித்து வைக்கும். அதுதான் உங்கள் புதன்கிழமை. தினேஷ், எடை நாளை வெள்ளிக்கு மாற்று. மாமா மாதிரி ஆட்களுக்கு ஞாயிறு காலை மெஷின் இனிப்பாகப் பேசும்.

தினேஷ்: மாற்றியாச்சு. அப்பா, இந்த வார வெற்றிப் பட்டத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

பிரியா: இன்னொரு கணக்கும் இருக்கிறது. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் தோராயமாக 7, 8 கிராம் மதுவைத்தான் கழிக்கும். நீங்கள் உள்ளே விட்டது 90 கிராம். மெஷினில் ஏறியபோதுகூட அது முழுதாகத் தீர்ந்திருக்காது. காலையில் சந்தைக்கு வண்டி எடுக்காதீர்கள்.

மதுரை மாமா: குளித்தால் தெளிந்துவிடும் என்பார்களே?

பிரியா: குளித்தாலும் காபி குடித்தாலும் மோர் குடித்தாலும் கல்லீரல் தன் வேகத்தில்தான் போகும்.

8:44

மதுரை மாமா: சரி, ஒரு வழி சொல்கிறேன். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டையும் ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுவிடுகிறேன். அந்தக் கலோரிக்கு இந்தக் கலோரி சரியாகிவிடும். சைடு டிஷ்ஷும் வேண்டாம். வெறும் சோடாவில் குவார்ட்டர், படுக்கை. எப்படி?

பிரியா: மாமா, அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

பிரியா: நீங்கள் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையோடு கிளிமிபிரைடும் போடுகிறீர்கள். கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். வயிறு காலியாக இருக்கும்போது சர்க்கரை இறங்கினால் கல்லீரல்தான் புதிதாகச் செய்து ரத்தத்தில் விட்டுக் காப்பாற்ற வேண்டும். மது இருக்கும்போது அந்த வேலை நின்றுவிடுகிறது. சர்க்கரை தாழ்ந்துகொண்டே போகும். குடித்து முடித்துப் பல மணி நேரம் கழித்து, தூக்கத்திலும் நடக்கலாம்.

பிரியா: அத்தை, இது உங்களுக்கு. சர்க்கரை தாழ்ந்தால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் கோபப்படுவார்கள், தள்ளாடுவார்கள். பார்க்கிறவர்களுக்குப் போதை மாதிரியே தெரியும். போதையில் கிடக்கிறார், தூங்கட்டும் என்று விட்டுவிடுவதில்தான் ஆபத்து. சந்தேகம் வந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, விழித்து விழுங்குகிற நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். எழுப்பியும் எழவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

அத்தை: போன மாதம் ஒரு ராத்திரி பனியன் முழுக்க நனைந்து கிடந்தார். என்னென்னவோ உளறினார். நான் கோபத்தில் அடுத்த அறையில் போய்ப் படுத்துவிட்டேன்.

மதுரை மாமா: அது புழுக்கம்.

அம்மா: தம்பி, வாயை மூடு.

பிரியா: என்னவென்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய விஷயம். குடிக்கிற அன்றைக்கு மாத்திரையை நீங்களாகவே நிறுத்துவதும் கூடாது மாமா.

மதுரை மாமா: அதைத்தானே அடுத்துக் கேட்கலாம் என்று இருந்தேன்.

9:02

அம்மா: எதற்கு இவ்வளவு கணக்கு? இன்றோடு ஒரேயடியாக விடச் சொல்.

பிரியா: மாமாவுக்கு அது சரி. வாரம் ஒரு நாள் பழக்கம், விட்டால் ஒன்றும் ஆகாது. தினமும் நிறையக் குடித்துக் காலையில் கை நடுங்குகிறவர்களுக்கு மட்டும் அப்படிச் சொல்லாதீர்கள் அம்மா. சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அவர்கள் டாக்டரின் பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

சித்தி: எங்கள் மாடி வீட்டுக்காரருக்கு அப்படித்தான் ஆனது. பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சித்தப்பா: கொஞ்சமாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லது என்று போன வருடம் இதே குழுவில் யாரோ அனுப்பினார்களே?

தினேஷ்: நீங்கள்தான் மாமா அனுப்பினீர்கள்.

பிரியா: இந்த அளவு வரை பாதுகாப்பு என்று எதையும் சொல்ல முடியாது என உலக சுகாதார நிறுவனம் 2023இலேயே சொல்லிவிட்டது. மாமாவின் ஸ்கேனில் ஃபேட்டி லிவர் கிரேடு 1 என்று வேறு வந்திருக்கிறது, அதாவது கல்லீரலில் ஆரம்ப நிலைக் கொழுப்பு. எடையால் வந்ததா, மதுவால் வந்ததா என்று படத்தைப் பார்த்து மட்டும் பிரிக்க முடியாது. இரண்டையும் குறைத்தால் இந்த நிலையிலிருந்து கல்லீரல் திரும்ப வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு கொழுப்பு எவ்வளவு மாமா?

அத்தை: 260.

பிரியா: 150க்குள் இருக்க வேண்டும். சனிக்கிழமையை விட்டுவிட்டுச் சில வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பாருங்கள். மெஷினில் எடை இறங்கும் முன்பே அந்த ரிப்போர்ட் மாறினாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

9:15

மதுரை மாமா: சரிம்மா. தினேஷ் கல்யாணம் முடிகிற வரைக்கும் சனிக்கிழமை கிடையாது. நண்பர்களிடம் மருந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

தினேஷ்: நீங்கள் நிஜமாகவே மருந்து சாப்பிடுகிறீர்கள் அப்பா.

சித்தப்பா: கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி மச்சான்?

சித்தி: உங்கள் எடை எங்கே?

பிரியா: மாமா, அடுத்து டாக்டரைப் பார்ப்பது எப்போது?

அத்தை: வியாழக்கிழமை. போன தடவை குடிப்பழக்கம் உண்டா என்று அவர் கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சீட்டிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது.

பிரியா: மாமா! அதை நம்பித்தானே மாத்திரை எழுதியிருப்பார்.

அத்தை: இந்தத் தடவை நானும் உள்ளே வருகிறேன்.

மதுரை மாமா: அங்கே கூட்டமாக இருக்கும். நீ வெளியே உட்காரலாமே?

அத்தை: உள்ளேதான். நோட்டையும் எடுத்து வருகிறேன்.