சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மெக்கானிக், சொந்தக் கருவிகளுக்கு வரிக் கழிவு கேட்கலாமா? (டர்பன்)

சாட்ஸ்வொர்த் டீசல்:
வணக்கம். ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு கராஜில் டீசல் மெக்கானிக்காக இருக்கிறேன், மாதச் சம்பளம்தான். லிஃப்டும் கம்ப்ரஸரும் முதலாளியுடையவை, மற்றபடி ஸ்பேனரிலிருந்து இம்பேக்ட் கன் வரை நாங்களே கொண்டுவர வேண்டும். போன செப்டம்பர் முதல் தேதி லாரிச் சக்கரம் கழற்றும் பேட்டரி இம்பேக்ட் கன் ஒன்று 18,000 ராண்டுக்கு வாங்கினேன், அதே வாரம் 4,500 ராண்டுக்கு ஒரு டார்க் ரெஞ்ச். சம்பளக்காரனுக்கு எந்தக் கழிவும் கிடையாது என்கிறார் கூட வேலை செய்பவர். சார்ஸ் (வரித் துறை) தானாகப் போட்டு அனுப்பிய வரி மதிப்பீட்டிலும் கருவி பற்றி ஒன்றும் இல்லை. அப்படியே விட்டுவிடவா?

கணக்கு அக்கா:
விடாதீர்கள் தம்பி. உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. 1962 வருமான வரிச் சட்டத்தின் 23(எம்) பிரிவு சம்பளக்காரர்களுக்குப் பெரும்பாலான செலவுகளை மூடிவிடுகிறது, ஆனால் 11(இ) பிரிவின் தேய்மானத்தை, அதாவது பொருளின் விலையை அது உழைக்கும் வருடங்களுக்குப் பிரித்துக் கழிப்பதை, விட்டுவைத்திருக்கிறது. வேலைக்காகவே பயன்படும் உங்கள் கருவிகள் அதில்தான் வரும்.

7,000 ராண்டுக்குக் குறைந்த பொருளை வாங்கிய வருடமே முழுதாகக் கழிக்கலாம், ஆகவே டார்க் ரெஞ்ச் முழு 4,500. கையில் பிடித்து வேலை செய்யும் பவர் டூலுக்கு சார்ஸின் விளக்கக் குறிப்பு 47 ஐந்து வருடம் சொல்கிறது. வருடத்துக்கு 3,600 ஆகிறது, வரி வருடம் பிப்ரவரியோடு முடிவதால் உங்களுக்கு ஆறு மாதம்தான், 1,800. மொத்தம் 6,300. இவ்வளவும் கைக்கு வரும் என்று நினைத்துவிடாதீர்கள், பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வரி போடும் வருமானத்தில் அவ்வளவு குறையும், அவ்வளவுதான். நீங்கள் 18 சதவீத வரி அடுக்கில் இருந்தால் 1,134 ராண்ட் மிச்சம், 26 என்றால் 1,638.

ஒரு செட்டைத் துண்டு துண்டாக பில் போட்டு 7,000-க்குக் கீழே கொண்டுவரும் வேலை வேண்டாம், செட் முழுவதையும் ஒன்றாகத்தான் பார்ப்பார்கள். உப்புத்தாள், கிரீஸ், வீட்டிலிருந்து கராஜுக்குப் போகும் பெட்ரோல் இதெல்லாம் கேட்காதீர்கள். தானாக வந்த மதிப்பீட்டை அப்படியே ஏற்க வேண்டியதில்லை, கெடு தேதிக்குள் சார்ஸின் இ-ஃபைலிங் தளத்தில் நீங்களே ஐடிஆர்12 என்ற வருமான வரிப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள்.

ஃபீனிக்ஸ் எலக்ட்ரீஷியன்:
அக்கா சொன்ன கணக்கு சரி, என் அனுபவத்தையும் கேளுங்கள் தம்பி. ஒரு வருடம் நானும் இப்படித்தான் கேட்டேன், சரிபார்க்க ஆதாரம் அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. ரசீதுகளை வேனின் டாஷ்போர்டில் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத் தாள், வெயிலில் எழுத்து முழுவதும் போய்விட்டது, கடையின் பெயர் மட்டும் லேசாகத் தெரிந்தது. அந்தக் கழிவு அப்படியே போயிற்று. இப்போது கடை வாசலிலேயே போனில் படம் எடுத்து மெயிலில் போட்டுவிடுகிறேன், ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். அப்புறம், கருவிகளை நீங்களே கொண்டுவர வேண்டும் என்று முதலாளியிடம் லெட்டர்ஹெட்டில் நான்கு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆதாரம் இருந்தும் மறுத்தால் ஆட்சேபணை போட 80 வேலை நாள் இருக்கிறது.

சாட்ஸ்வொர்த் டீசல்:
ரொம்ப நன்றி இருவருக்கும். பில் இருக்கிறது, இப்போதே படம் எடுத்துவிட்டேன். ஒன்று மட்டும், எங்கள் கராஜில் மாதம் 300 ராண்ட் டூல் அலவன்ஸ் என்று தருகிறார்கள். அதனால் கழிவு போய்விடுமா?

கணக்கு அக்கா:
போகாது. அந்த அலவன்ஸ் முதலாளி தரும் சம்பள வரிச் சான்றிதழான ஐஆர்பி5-இல் வருமானமாக ஏறி வரியும் பிடிக்கப்பட்டிருக்க வேண்டும், அதைப் பாருங்கள். வரி கட்டிய பணத்தில் நீங்கள் வாங்கிய கருவி, தேய்மானம் உங்களுக்குத்தான். ஆனால் பில்லை முதலாளியிடம் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கிய பொருள் ஏதும் இருந்தால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடிதம் நாளைக்கே கேட்டுவிடுங்கள் தம்பி, கெடு நெருங்கும்போது அலுவலகத்தில் யாரும் கையெழுத்துப் போட அகப்பட மாட்டார்கள்.