4294967297-ஐ உடைக்கிறது எப்படி?

குழு: நம்ம வீடு

நான், இரவு 8:14
பெரியப்பா, 4294967297 பகா எண்ணா? 641-ஆல வகுத்தா மீதி 1-னு ப்ரோகிராம் காட்டுது.

பெரியப்பா, 8:17
மீதி 0 வரணுமேப்பா. அது 641 × 6700417. இந்த எண் 2^32 + 1. 2^1 + 1, 2^2 + 1, 2^4 + 1-னு அடுக்கு இரட்டிச்சுக்கிட்டே போற வரிசையில இதுக்கு முன்னாடி இருக்கிற 3, 5, 17, 257, 65537 அஞ்சும் பகா எண்கள். அதனால மேல வர்றதும் எல்லாம் அப்படித்தான்னு கணித மேதை ஃபெர்மா நம்பினார். அடுத்ததே இது! 1732-ல இன்னொரு கணித மேதை ஆய்லர் உடைச்சுட்டார்.

அக்கா, 8:19
நீ 32 பிட் இன்ட்ல (32 இரும இலக்கம் மட்டும் பிடிக்கிற முழு எண் வகை) போட்டிருக்கே. மேல இருக்கிற பிட் வெட்டுப்பட்டு வெறும் 1 தான் மிஞ்சும், மீதியும் அதேதான். 64 பிட் பிடிக்கிற லாங் லாங்-ஆ மாத்து. தசம எண்ணுக்கான ஃப்ளோட் பக்கமும் போயிடாதே. அதுக்கு 24 பிட் துல்லியம்தான், கடைசி 1 காணாமப் போய் மீதி 640-னு வரும்.

நான், 8:24
மாத்திட்டேன்க்கா, 0 வந்துடுச்சு 👍 கையால சரிபார்க்க வழி இருக்கா?

அத்தை, 8:26
பத்து இலக்கத்தைத் தொடவே வேணாம்டா.
2^8 = 256
256² = 65536, 641-ஆல வகுத்தா மீதி 154 (இது 2^16)
154² = 23716, மீதி 640 (இது 2^32)
ஒண்ணைக் கூட்டு, 641. அவ்வளவுதான்.

நான், 8:27
641-னு எப்படிப் பிடிச்சாங்க அத்தை?

பெரியப்பா, 8:31
நான் சொல்றேன். p ஒரு காரணின்னா, 2^32-ஐ p-ஆல வகுத்தா மீதி −1 (அதாவது p − 1). வர்க்கப்படுத்தினா 2^64-க்கு மீதி 1. 64-க்கு முன்னாடி எந்த அடுக்குக்கும் 1 வராது, ஆனா 2^(p − 1)-க்கு எப்பவும் மீதி 1 தான். அதனால p − 1-ஐ 64 மீதியில்லாம வகுக்கணும். அந்த மாதிரி பகா எண்கள் 193, 257, 449, 577, 641. அஞ்சாவது வகுத்தல்லயே மாட்டிக்குது! பின்னால லூகாஸ்ங்கிற கணிதவியலாளர் 64-ஐ 128 ஆக்கினார். இப்போ மிஞ்சுறது 257, 641 ரெண்டே.

அக்கா, 8:35
6700417 பகா எண்ணான்னு பார்க்கவும் இதே விதி போதும், அதோட காரணி பெரிய எண்ணுக்கும் காரணிதானே. வர்க்கமூலம் 2588 சொச்சம். அதுக்குள்ள 257, 641, 769, 1153, 1409 மட்டும்தான். மீதி முறையே 170, 44, 120, 334, 622. ஒண்ணும் வகுக்கல, பகா எண்தான்.

அத்தை, 8:38
காரணியே தெரியாம பகு எண்ணுன்னு காட்டவும் முடியும்.
65536² + 1²
62264² + 20449²
ரெண்டும் இதே எண். பகா எண்ணா இருந்தா ரெண்டு வர்க்கங்களோட கூட்டலா ஒரே ஒரு விதமாத்தான் எழுத முடியும். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

பெரியப்பா, 8:41
இன்னொண்ணு. 3 × 5 × 17 × 257 × 65537 = 4294967295. நம்ம எண் இதைவிட 2 அதிகம். அப்போ 257-ஆல வகுத்தா மீதி 2 தான் வரும், போட்டுப் பார்க்கவே வேணாம்.

நான், 8:42
அப்படின்னா லூகாஸ் விதிப்படி முதல் வகுத்தலே 641!

பெரியப்பா, 8:42
ஆமாப்பா 👏