ஒட்டிய டங்டுட் கேசட்டைத் திறப்பது எப்படி?

ஜகார்த்தாவில் வேலை பார்க்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் பிளோக் எம் ஸ்குவேர் கடை வளாகத்தின் அடித்தளத்தில் சோனெட்டா குழுவின் பழைய டங்டுட் (இந்தோனேசியாவின் ஜனரஞ்சக இசை) கேசட் ஒன்று வாங்கினேன், ரோமா இராமா பாடியது. சி-60 அளவு, அதாவது மொத்தம் அறுபது நிமிடம். இரண்டு பக்கமும் நாலு நிமிடம் ஓடும், அப்புறம் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடும்.

நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கிறது, பூஞ்சைதான். கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, இந்த ஊர் ஈரப்பதம் அப்படி.

பென்சிலை விட்டு முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தேன். பிளேயர் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்தேன். வேறு கேசட் போட்டால் ஒழுங்காகப் பாடுகிறது, ஆகவே பிளேயரில் கோளாறு இல்லை. சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் ஒரு வாரம் வைத்தும் பார்த்தாயிற்று. பூஞ்சை மற்ற கேசட்டுக்கும் பரவும் என்பதால் இப்போது ஓட்டுவதையே நிறுத்திவிட்டேன்.

ஓடும் அந்த நாலு நிமிடத்திலேயே கெந்தாங் மேளத்தின் 'டங்', 'டுட்' அவ்வளவு சுத்தமாகக் கேட்கிறது. இசைக்குப் பெயர் வந்ததே அந்தச் சத்தத்தால்தானே! தூக்கிப்போட மனசில்லை.

நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றலாம் என்றால், இதில் திருகாணியே இல்லை, ஒட்டிய கூடு. நாடா அறுபடாமல் இதை எப்படிப் பிளப்பது?