நெல்லைக்கு இன்னொரு குடிநீர்த் திட்டமா, முதலில் சாக்கடையா?

பாளைவாசி:
2011 கணக்கெடுப்பிலேயே மாநகராட்சிக்குள் 4.7 லட்சம் பேர். இப்போது ஐந்து லட்சம் என்று குறைத்து வைத்தாலும், ஆளுக்கு 135 லிட்டர் என்ற அளவுப்படி நாளொன்றுக்கு 6.75 கோடி லிட்டர் வேண்டும். தாமிரபரணி ஆற்று மணலுக்குள் இறக்கியிருக்கிற உறைகிணறுகளை மட்டும் நம்ப முடியாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் என்ன பாடு பட்டோம்? தெருவெல்லாம் தண்ணீர், குடிக்க ஒரு குடம் இல்லை. மேலே அணைக்கட்டுப் பக்கம் இன்னொரு இடத்தில் எடுத்து, பெரிய தொட்டிகள் கட்டி வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

பிசானக்காரன்:
அண்ணாச்சி, மேலே எடுத்தால் கீழே எங்களுக்கு என்ன வரும்? தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. கடைசி இரண்டு மருதூரும் ஸ்ரீவைகுண்டமும். தென்மேற்குப் பருவமழை ஏமாற்றிய வருடங்களில் அந்த மழையை நம்பிப் போடுகிற கார் நெல் சாகுபடியையே விட்டுவிட்டு உட்கார்ந்தவர்கள் நாங்கள். தூத்துக்குடிக்காரர்கள் குடிப்பதும் இந்த ஆறுதான். மழைக்காலத்துத் தண்ணீரைக் காட்டிக் கோடைக்குக் கணக்குப் போடாதீர்கள்.

டவுன்காரி:
இரண்டு பேரும் எடுக்கிற தண்ணீரையே பேசுகிறீர்கள். திரும்பி வருகிற தண்ணீர்? வீட்டுக்குள் போவதில் சுமார் 80 சதவீதம் சாக்கடையாக வெளியே வரும் என்றுதான் பொறியாளர்கள் கணக்கு வைப்பார்கள். அண்ணாச்சி சொன்ன 6.75 கோடியில் அது 5.4 கோடி லிட்டர். அதில் சுத்திகரிக்காமல் போகிற ஒவ்வொரு லிட்டரும் ஓடை வழியாக ஆற்றுக்குத்தான் வரும். குறுக்குத்துறையில் முருகன் கோயில் பக்கம் கோடையில் இறங்கிப் பாருங்கள், கல்லில் பச்சைப் பாசி வழுக்கும்.

உறைகிணறு நல்ல ஏற்பாடுதான், ஆற்றுமணலே வடிகட்டி. ஆனால் மணல் கலங்கலைத்தான் நன்றாகப் பிடிக்கும், சாக்கடையில் கரைந்து வருவது எல்லாவற்றையும் பிடிக்காது. அம்மோனியா கலந்த தண்ணீரில் குளோரின் போட்டால் அது அங்கேயே செலவாகிவிடும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்ச வேண்டும். குளோரின் இருக்கிறதா என்று காட்டுகிற ஆர்த்தோடோலிடின் சொட்டு மருந்து வாங்கி வைத்திருக்கிறேன். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து அதைச் சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாக மாற வேண்டும். பல நாள் வெறும் தண்ணீராகவே நிற்கிறது.

பாளைவாசி:
அக்கா, சாக்கடை முக்கியம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் புதிதாக வீடு கட்டிப் போனவர் லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டிருக்கிறார். சுத்திகரிப்பு நிலையம் கட்டி முடிகிற வரை அவர் காத்திருக்க முடியுமா?

டவுன்காரி:
முடியாது. ஆனால் அந்தத் தெருவுக்குக் குழாய் போடும்போதே பாதாளச் சாக்கடையும் சேர்த்துப் போடலாமே. பிறகு வந்தால் ரோட்டை இரண்டு தடவை தோண்ட வேண்டும். அப்புறம், இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விடுவதே ஒரு கேடு. குழாய் காலியாகி, ஆளாளுக்கு மோட்டார் போட்டு உறிஞ்சினால், பழைய இணைப்புகளில் பக்கத்துச் சாக்கடை உள்ளே ஏறும். எங்கள் வீட்டில் முதல் குடத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு இரண்டாவதைத்தான் குடிக்கப் பிடிப்போம். புதிய தண்ணீர் கொண்டுவந்தாலும் இந்தக் குழாயில்தானே வரும்?

பிசானக்காரன்:
அக்கா சொல்வதுதான் எங்களுக்கும் நல்லது. சாக்கடையைச் சுத்தம் செய்து நயினார்குளம், வேய்ந்தான்குளம் மாதிரிக் குளங்களுக்கு விடட்டும், ஊருக்குள் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் ஏறும்.

பாளைவாசி:
சரி தம்பி. மேலே எடுப்பதை மழைக்காலத்தோடு நிறுத்திக்கொள்வது, கோடையில் கூடுதலாக ஒரு சொட்டும் எடுப்பதில்லை என்று திட்டத்திலேயே எழுதினால் சம்மதமா?

பிசானக்காரன்:
எழுதினால் போதாது அண்ணாச்சி. மருதூருக்கு எவ்வளவு வந்தது என்று தினமும் அளந்து பலகையில் போடட்டும். அதைப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.